பழைய பிக்கப்பில் லீஃப் ஸ்பிரிங் ஷாக்கிள் போல்ட் துருப்பிடித்து இறுகிவிட்டால் எப்படிக் கழற்றுவது?

பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்கு ஓடிய பழைய பிக்கப்பில் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டையை மாற்ற இறங்கியிருக்கிறீர்கள். பட்டையின் ஒரு முனையை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு இணைத்து ஆடும் தகடுகள்தான் ஷாக்கிள். அதன் போல்ட்டின் நட்டு கழன்றுவிட்டது, போல்ட் மட்டும் வெளியே வர மறுக்கிறது, காஸ் வைத்து அறுத்துவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சங்ககிரிப் பக்கம் பல ஆண்டுகளாகச் சரக்கு வண்டிகளின் அடிப்பாக வேலை செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: காஸ் கட்டர் கடைசி வழி, பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது. போல்ட் வீணானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பட்டையின் முனையில் சுருட்டிய துளையான கண்ணுக்கும், சேஸிஸில் பட்டையைத் தாங்கும் ஹேங்கருக்கும் சேதம் வரக் கூடாது.

முதலில் எந்த இடத்தில் இறுகியிருக்கிறது என்று பாருங்கள். நட்டு கழன்ற பிறகும் போல்ட் வரவில்லை என்றால் சிக்கல் மரையில் இல்லை. கண்ணுக்குள் பொருத்திய ரப்பர் புஷ்ஷின் நடுவே ஸ்லீவ் என்னும் இரும்புக் குழாய் இருக்கும், போல்ட் அதற்குள்தான் ஓடுகிறது. மழைநீரும் சேறும் ஓரமாக உள்ளே இறங்கித் தங்கினால், அந்த இடைவெளியில் துரு வளரும். துரு தான் உருவான இரும்பைக் காட்டிலும் அதிக இடம் பிடிக்கும் என்பதால், போக வழியில்லாமல் போல்ட்டையும் ஸ்லீவையும் ஒன்றாக நெரித்துவிடும். கோழி எருவும் பொட்டாஷ் உரமும் ஏற்றும் வண்டிகளில் இது இன்னும் விரைவாக நடக்கிறது, ஏனென்றால் சிந்தியதில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது.

இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. போல்ட் தலையில் நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரைப் போட்டு மெதுவாகத் திருப்புங்கள். கொஞ்சம் திரும்பி, கையை விட்டவுடன் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தால், போல்ட்டோடு ஸ்லீவும் சேர்ந்து சுற்றி ரப்பர் முறுக்கேறுகிறது என்று பொருள். தாராளமாகச் சுற்றியும் வெளியே வராவிட்டால், வண்டியின் பாரம் போல்ட்டின் மேல் குறுக்காக அழுத்திக்கொண்டிருக்கலாம். வேறு வகையும் உண்டு: சில பழைய வண்டிகளில் ரப்பருக்குப் பதிலாக கன்மெட்டல் என்னும் செம்புக் கலவைப் புஷ்ஷும் கிரீஸ் நிப்பிளும் இருக்கும். அங்கே கிரீஸ் அடிக்காமல் விட்டால், போல்ட்டின் இடத்தில் இருக்கும் ஷாக்கிள் பின் (pin) புஷ்ஷில் பிடித்துக்கொள்ளும். எந்த வகையானாலும் இறுகிய ஷாக்கிளோடு வண்டியை ஓட்டுவது நல்லதல்ல. பாரம் ஏறும்போது பட்டை நீள வேண்டும், அதற்கு ஷாக்கிள் ஆட வேண்டும். அது ஆடாவிட்டால் அந்த இழுவை முழுவதும் மெயின் பட்டையின் கண்ணுக்கு அருகே விழுந்து, அங்கேயே பட்டை உடைகிறது.

பாரத்தை எடுப்பதுதான் பாதி வேலை. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேஸிஸைத் தரமான ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலின் கீழே ஜாக்கியைக் கொடுத்துச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்குங்கள். ஏதோ ஓர் உயரத்தில் ஷாக்கிள் கையால் தட்டினாலே லேசாக ஆடும். போல்ட்டின் மேல் பாரம் இல்லாத நிலை அதுதான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

துரு நீக்கும் எண்ணெயை முந்தின நாள் மாலையே போட்டுவிடுங்கள். போல்ட் தலையின் மேல் அடிப்பதில் பயனில்லை. ஸ்லீவின் வாய் ஷாக்கிள் தகட்டைத் தொடும் விளிம்பில் இருபுறமும் விட்டு, போல்ட் முனையில் சுத்தியலால் தட்டினால்தான் அதிர்வில் கொஞ்சமாவது உள்ளே இறங்கும். நட்டைப் பாதி மாட்டிவிட்டுத் தட்டுங்கள், இல்லாவிட்டால் மரை நசுங்கும். வண்டிக்காரர் “சாயங்காலம் லோடு இருக்குதுங்ணா, சீக்கிரம் கழட்டிருங்ணா” என்று நின்றாலும், இந்த ஓர் இரவுக் காத்திருப்பைக் குறைக்க நான் ஒப்புவதில்லை.

காஸைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சூடு வேலை செய்யும் என்பது உண்மைதான். 14 மில்லிமீட்டர் துளையுள்ள இரும்பை 300 டிகிரி சூடேற்றினால் துளை ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் விரியும், துருவின் பிடி விட அதுவே பல நேரம் போதும். மரையில் இறுகிய நட்டுக்கு இது பொருந்தும். உங்கள் ஸ்லீவோ ரப்பருக்குள் இருக்கிறது. சூடு அங்கே சேர்வதற்குள் ரப்பர் எரிந்து புகை கிளம்பும். அதைவிடப் பெரிய கவலை பட்டையைப் பற்றியது. அது பதம் ஏற்றிய எஃகு. காஸ் சுடரில் பழுத்தால் பதம் இறங்கி, பின்னர் பாரத்தில் வளையும் அல்லது உடையும். பக்கத்திலேயே பிரேக் பைப்பும் டீசல் டேங்கும் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

எனவே எண்ணெய்க்கும் தட்டலுக்கும் இணங்காத போல்ட்டை அறுத்துவிடுங்கள், ஆனால் சுடரால் அல்ல. ஷாக்கிள் தகட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் இருபுறமும் ஹாக்ஸா பிளேடு நுழையும் இடைவெளி பெரும்பாலும் கிடைக்கும். அந்த இரண்டு இடங்களில் அறுத்தால் போல்ட் மூன்று துண்டாகும், பட்டை தானாக இறங்கிவிடும். மின்சார ரம்பம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நல்ல பிளேடும் பொறுமையும் போதும். பழைய புஷ்ஷை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளி எடுங்கள். வெளிக்கூடு வராமல் அடம்பிடித்தால் அதை நீளவாக்கில் அறுக்கலாம், ஆனால் பட்டையின் கண்ணில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விரிசல் அந்தக் கீறலில்தான் தொடங்கும்.

புதிதாகப் போடும் போல்ட்டின் தலையில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். 8.8 என்றால் இழுவிசைத் திறன் 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 10.9 என்றால் 1000 மெகாபாஸ்கல், 90 சதவீதம். பழையதில் என்ன எண் இருந்ததோ அதற்குக் குறையக் கூடாது, எண்ணே இல்லாத ஹார்டுவேர் கடை போல்ட்டை இங்கே போடவே கூடாது. ஸ்லீவுக்குள் போகும் பகுதியில் மட்டும் செம்பு கலந்த, இறுகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிதாகத் தடவுங்கள், ரப்பரின் மேல் சாதாரண கிரீஸ் படக் கூடாது. பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ-போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டவை, அவற்றைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதிதாகவே வாங்குங்கள்.

ஷாக்கிள் போல்ட்டை இறுதியாக முறுக்குவது வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான். ஆக்ஸில் தொங்கும்போதே முறுக்கினால், இறக்கியவுடன் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ-போல்ட் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். மறுபக்கப் பட்டையும் அதே ஈரத்தில்தான் ஓடியிருக்கிறது, அதன் போல்ட்டுக்கும் இன்றைக்கே எண்ணெய் விடத் தொடங்குங்கள்.