கருக்குழாயில் தங்கிய கருவை மட்டும் எடுக்காமல், குழாயையே ஏன் எடுக்கிறார்கள்?

கரு கருப்பைக்குள் போகாமல் வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், ஒட்டி வளர்வதுதான் இடம் மாறிய கர்ப்பம். "டியூப்ல தங்கிடுச்சு" என்று நம் பக்கம் சொல்வது இதைத்தான்.

கருப்பையின் உள்சவ்வு தடிப்பானது. கரு எவ்வளவு ஆழம் வேர்விடலாம் என்பதைக் கட்டுப்படுத்தும். குழாய்க்கு அந்தச் சவ்வு இல்லை. கருவின் திசு மெல்லிய சுவரைத் துளைத்து ரத்தக்குழாய் வரை போய்விடும். வேலூர் கோட்டைச் சுவரின் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பாருங்கள். கன்றைப் பிடுங்கினால் கல் பெயரும்; வேர்த்துணுக்கு உள்ளே தங்கினால் மறுபடி துளிர்க்கும்.

குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுப்பதிலும் இதே சிக்கல்தான். திசு மிச்சமிருந்து வளரலாம். அதனால் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவு இறங்கும்வரை வாராவாரம் ரத்தப் பரிசோதனை தேவை. 2014-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், கீறி எடுத்தவர்களில் 7 சதவீதம் பேருக்குத் திசு தங்கியது. குழாயை எடுத்தவர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு. மற்றக் குழாய் நன்றாக இருந்தால், பிறகு கருத்தரிப்பதிலும் பெரிய வித்தியாசமில்லை. மற்றது கெட்டிருந்தால் மட்டும் கீறுவதை யோசிப்பார்கள்.

குழாய் வெடித்துவிட்டால் பெரும்பாலும் எடுத்தே ஆகவேண்டும். வயிற்றுவலியோடு தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் பேரணாம்பட்டோ ஒடுகத்தூரோ, எந்த ஊரானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கரு சிறிதாக, துடிப்பில்லாமல், வெடிக்காமல் இருந்தால் கருத்திசு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசியே போதுமானதாகலாம்.

ஒரு குழாய் போனால் ஒரு பக்க முட்டை வீண் என்பது தவறு. எதிர்ப்பக்கச் சினைப்பையின் முட்டையையும் மீதிக் குழாய் பிடித்துக்கொள்ளும்.