கேஸ் கீசருக்குப் புகைக்குழாய்: எக்சாஸ்ட் ஃபேன் போதாது

கேள்வி: ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கரண்ட் பில் எகிறுகிறது, அதனால் 6 லிட்டர் கேஸ் கீசர் வாங்கலாம் என்று யோசனை. குளியலறை 5க்கு 7 அடி, மேலே சின்ன வென்டிலேட்டர் ஒன்று இருக்கிறது. அதில் எக்சாஸ்ட் ஃபேன் வைத்துவிட்டு கீசரை உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம், வேண்டுமானால் புகையை ஒரு பிவிசி பைப்பில் வெளியே விட்டுவிடலாம் என்கிறார் பிளம்பர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கீசர் எங்கே இருக்கப்போகிறது, புகை எந்த வழியாக வெளியேறும் என்பதை முடிவு செய்துவிட்டு அப்புறம் கீசரைப் பாருங்கள். பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது, ஆஃபரில் கீசர் வந்துவிடுகிறது, பிறகு சுவரில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே மாட்டிவிடுகிறார்கள்.

6 லிட்டர் கீசர் முழுவீச்சில் எரிவது என்பது அடுப்பில் பெரிய பர்னர் நான்கைந்தை ஒன்றாகப் பற்றவைப்பதற்குச் சமம். மணிக்குக் கிட்டத்தட்ட 900 கிராம் கேஸ் போகும். ஒரு கிலோ எல்பிஜி எரிய 12 கன மீட்டருக்குக் குறையாத காற்று வேண்டும். உங்கள் குளியலறை 8 அடி உயரம் என்று வைத்தால் மொத்தக் காற்றே 8 கன மீட்டர்தான், அதில் கால் மணி நேரக் குளியலுக்குள் ஏறக்குறைய 3 கன மீட்டரில் உள்ள ஆக்சிஜனை கீசரே தின்றுவிடும், கதவு சாத்தியிருக்க நீங்கள் மூச்சு விடுவதும் அதே காற்றில்தான். ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வர ஆரம்பிக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சிலிண்டர் கேஸில் நாம் முகர்கிற நாற்றம் கசிவு தெரிவதற்காகச் சேர்ப்பது, அது நெருப்பிலேயே எரிந்து போய்விடும், அதனால் மூக்கை நம்ப முடியாது.

குளிக்கப் போனவர் வலிப்பு வந்து விழுந்து, காக்காய் வலிப்பு என்று நினைத்து மருத்துவம் பார்க்கப்பட்டு, பிறகுதான் கேஸ் கீசர் காரணம் என்று தெரியவந்த சம்பவங்களை நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யாராவது குளியலறையில் தலைசுற்றல், வாந்தி, மயக்கம் என்று சொன்னால் முதலில் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், கீசரை அணையுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் இருக்கும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி 98 காட்டுகிறது, ஒன்றுமில்லை என்று இருந்துவிடாதீர்கள். இந்த விஷவாயு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தமாகவே காட்டும்.

பிவிசி பைப் வெந்நீர்ச் சூட்டுக்கே இளகுகிற சாமான், கீசரின் புகை அதைவிடப் பல மடங்கு சூடு. எக்சாஸ்ட் ஃபேன் விஷயம் இன்னும் மோசம். கதவு இறுக்கமாக மூடியிருந்தால் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லை. மின்விசிறி இல்லாமல் தானாகப் புகை மேலேறும் வகை கீசராக இருந்தால், அந்த எக்சாஸ்ட் ஃபேன் புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுக்கும், வெளியே போக வேண்டிய புகை உங்கள் மேலேயே திரும்பி இறங்கும்.

சரி, என்ன செய்யலாம்? கீசரை திறந்த பால்கனியிலோ யூட்டிலிட்டியிலோ மழை படாத சுவரில் மாட்டி, வெந்நீரை மட்டும் பைப்பில் குளியலறைக்குக் கொண்டுவாருங்கள். பைப் கொஞ்சம் நீளமாகும், முதலில் ஒரு மக் தண்ணீர் சூடில்லாமல் வரும், அவ்வளவுதான் நஷ்டம். அபார்ட்மென்டில் பைப்புகள் இறங்கும் அந்தக் குறுகலான டக்டைத் திறந்தவெளி என்று கணக்கில் சேர்க்காதீர்கள், பக்கத்து வீட்டு வென்டிலேட்டர் அதில்தான் திறக்கும்.

மூடிய இடத்தில்தான் வைத்தாக வேண்டும் என்றால் தலையில் வட்டமான குழாய்க் கழுத்து உள்ள மாடலாக, ஐஎஸ்ஐ முத்திரையோடு வாங்குங்கள். மேலே வெறும் துவாரங்கள் மட்டும் உள்ள மலிவு மாடலுக்குக் குழாய் போடவே முடியாது. குளியலறைக்குள்தான் வரும் என்றால் எரியத் தேவையான காற்றையும் வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும், இரட்டைக் குழாய் உள்ள சீல் செய்த வகையைத் தவிர வேறெதுவும் கூடாது. குழாய் உலோகமாக இருக்கட்டும், கழுத்தின் அளவைவிட எங்கேயும் குறுகக் கூடாது. தானாகப் புகை ஏறும் வகையில் முதல் இரண்டு அடியாவது நேர் மேலே போய், வளைவு குறைவாக, ஏற்றமாகவே வெளியேற வேண்டும். கீசருக்குள்ளேயே ஃபேன் உள்ள வகைக்கு வெளிப்பக்கம் லேசான இறக்கம் கொடுப்பார்கள், ஏனென்றால் ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும், குளிர்ந்து தண்ணீராகும்போது அது மெஷினுக்குள் திரும்பக் கூடாது. இதில் கம்பெனி மேனுவல் சொல்வதே முடிவு. குழாயின் வாய் எந்த ஜன்னலுக்கும் கீழே வரக்கூடாது.

தானாகப் புகை ஏறும் வகை என்றால், மாட்டி முடித்ததும் கீசரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஜன்னல் கதவெல்லாம் மூடி, சமையலறை சிம்னியையும் போட்டு, கீசரின் மேல்பக்கத் திறப்பருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். அறைப்பக்கம் தள்ளினால் கீசரை அணைத்துவிட்டு ஆளைத் திரும்பக் கூப்பிடுங்கள், அது சரியாகும் வரை காசை முழுசாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கேஸ் அலாரம் வாங்கி மாட்டினால் பயமில்லாமல் இருக்கலாமா?

பதில்: கடையில் கேஸ் அலாரம் என்று தருவது பெரும்பாலும் எல்பிஜி கசிவுக்கானது. கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி. யுஎல் 2034 அல்லது ஈஎன் 50291 என்ற தர எண் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். யுஎல் தரத்தில் 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு விஷவாயு) என்றால் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள், 400 பிபிஎம் என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் கத்தும். அதாவது உடனே கத்தாது, சின்ன குளியலறையில் அந்த இடைவெளியே போதும் ஆபத்துக்கு. குழாய் போட்ட வீட்டில் இது கூடுதல் காவல், குழாய்க்கு மாற்று இல்லை.

கேள்வி: ஏற்கெனவே குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கிறது. சுவரில் ஓட்டை போட ஹவுஸ் ஓனர் விடமாட்டேன் என்கிறார்.

பதில்: இடம் மாற்றும் வரை யாரும் உள்ளே இருக்கும்போது அதை எரிய விடாதீர்கள். கதவைத் திறந்து வைத்து பக்கெட்டை நிரப்பி, கீசரை அணைத்து, கேஸ் வால்வையும் மூடி, உள்ளே காற்று மாறியபிறகு குளிக்கப் போங்கள். ஒருவர் முடித்து அடுத்தவர் என்று வரிசையாக ஓடவிடுவதில்தான் ஆபத்து ஏறிக்கொண்டே போகும், கடைசியாகப் போகிறவர் குழந்தையோ வயதானவரோ என்றால் சொல்லவே வேண்டாம். நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ மேலே கரி படிந்திருந்தாலோ சர்வீஸ் ஆகும் வரை தொடாதீர்கள்.

ஓனரிடம் புகைக்கு என்று கேட்காமல், பால்கனியிலிருந்து வெந்நீர் பைப் உள்ளே வர ஒரு சின்னத் துளை என்று கேட்டுப் பாருங்கள், காலி செய்யும்போது பூசித் தருவதாகவும் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கரண்ட் கீசர் போதும், 16 ஆம்பியர் பிளக்கும் எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.