கங்கைகொண்ட சோழபுரத்துக்கு 250 கிலோமீட்டர் ஓட்டிப் போகலாமா?

தாம்பரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "தஞ்சைப் பெரிய கோயிலை இரண்டு முறை பார்த்தாயிற்று. கங்கைகொண்ட சோழபுரமும் அதே மாதிரிதான், கொஞ்சம் சின்னது என்கிறார்கள். முட்டிவலி உள்ள அம்மா, நாலாவது படிக்கும் பையன் இருவரோடும் காரில் ஒரே நாளில் போய் வரலாமா? அந்த அலைச்சலுக்குத் தகுமா?"

தாராளமாகப் போங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். விக்கிரவாண்டி, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர், சாப்பாட்டுக்கும் டீக்கும் நிறுத்தினால் ஐந்து ஐந்தரை மணி நேரம் ஆகிவிடும். அன்றைக்கே திரும்ப வேண்டும் என்றால் சரியாக உச்சி வெயிலில் போய் இறங்குவீர்கள், சன்னதி நடை சாத்தியிருக்கும், வெறுங்காலோடு கல் தரையில் நடக்க முடியாது, பையன் பத்தே நிமிடத்தில் காருக்குப் போகலாம் என்பான். "ஒன்றுமே இல்லை அங்கே" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இப்படிப் போய் வந்தவர்கள்தான்.

தஞ்சை மாதிரிதான் என்பதை மட்டும் நம்பாதீர்கள். தஞ்சை விமானம் 216 அடி, விறைப்பாக நேர்க்கோட்டில் ஏறும். அப்பா ராஜராஜன் கட்டியதைப் பார்த்திருந்த ராஜேந்திரன் இங்கே எழுப்பியது சுமார் 180 அடிதான், ஆனால் அது பாதி உயரத்துக்கு மேல் மெல்ல உள்வாங்கி வளைந்து போகும். இந்த வளைவு போட்டோவில் சரியாக விழாது, அதனால்தான் நேரில் போகச் சொல்கிறேன். புல்வெளியில் தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் சுற்றி வாருங்கள், ஒவ்வொரு மூலையிலும் அது வேறு மாதிரி தெரியும்.

அடுத்தது வடக்குப் பக்கப் படிக்கட்டு. அதன் அருகே சண்டேசருக்குச் சிவன் கொன்றை மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. பக்கத்தில் உமை அமர்ந்திருக்க, சிவன் கையாலேயே அந்த மாலையை அவர் தலையில் சுற்றுகிறார், சண்டேசர் கைகூப்பித் தலை தாழ்த்தி இருக்கிறார். அந்த விரல்களைப் பாருங்கள், ஒரு தகப்பன் பிள்ளைக்குத் தலை துவட்டுவது போல அவ்வளவு பதமாக இருக்கும். பூசைக்கு வைத்த பாலை உதைத்த தன் தகப்பனையே வெட்டிய பிள்ளை அவர், இனி நானே உனக்குத் தகப்பன் என்று சிவன் ஏற்றுக்கொண்ட நேரம் அது. கதையைக் காரிலேயே பையனிடம் சொல்லிவிடுங்கள், தெரிந்து போனால் அவனே அந்த இடத்தில் நிற்பான். நான் எத்தனை முறை போனாலும் அரை மணி நேரம் அங்கேதான் கழிகிறது.

அம்மாவைப் பற்றி: பிரகாரம் சமதளம், பிரச்சினை இல்லை. மூலவரைப் பார்க்கப் படி ஏற வேண்டும், உள்ளே வெளிச்சமும் குறைவு, கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். பதின்மூன்று அடி லிங்கம், அவருக்கு அந்தத் தரிசனம் கிடைக்காமல் போகக் கூடாது. பையனுக்குச் சிங்க உருவ வாசல் கொண்ட சிங்கக் கிணறு பிடிக்கும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம்தான் மிஞ்சியிருக்கிறது, நேரமிருந்தால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

காலை பத்து மணிக்குக் கிளம்பி, வழியில் சாப்பிட்டுவிட்டு, மூன்றரை நான்கு மணிக்குக் கோயிலில் இருங்கள். சாயங்கால வெயில் கல்லில் விழும்போது இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. இரவு கும்பகோணத்தில் தங்கினால் மறுநாள் காலை தாராசுரத்தின் சோழர் கோயிலையும் பார்த்துவிடலாம். கும்பகோணம் போகும் வழியில் அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டும்போது வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விடுங்கள். 1836இல் அந்த அணையைக் கட்டத்தான் இந்தக் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.