அம்மாவின் தட்டு

அன்புள்ள அண்ணா,

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 63 வயது. முப்பது வருஷம் மாடு வைத்து, வீடு வீடாகப் பால் ஊற்றித்தான் எங்களைப் படிக்கவைத்தார். போன தை மாசம் காளைக்கன்றை வியாபாரியிடம் கொடுத்துவிட்டோம். ராத்திரி முழுக்க மாடு கத்தியது. மறுநாளிலிருந்து அம்மா பாலைத் தொடவில்லை. தயிர், நெய், முட்டை, கறி, கருவாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், 'இதுக்குப் பேரு வீகன்ப்பா' என்கிறாள். உறவுக்காரர்கள் கேலி செய்கிறார்கள். எனக்கோ பயமாக இருக்கிறது. ரசம் சோறும் ஊறுகாயும்தான் சாப்பிடுகிறார். சர்க்கரைக்கு மாத்திரை வேறு. தடுப்பதா, விட்டுவிடுவதா?

ம.

அன்புள்ள ம.,

'ரசம் சோறும் ஊறுகாயும்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அம்மா பாலை விட்டதில் ஆபத்து இல்லை. விட்ட இடத்தில் வேறு எதுவும் வரவில்லை, அதுதான் கவலை. நம் வீட்டு அம்மாக்களுக்கு விட்டுக்கொடுப்பது நன்றாகப் பழகிய காரியம். குழம்பு பற்றாவிட்டால் அவர்கள் தட்டில்தான் குறையும், யாருக்கும் தெரியாது. தனக்கென்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளத்தான் பழகவில்லை. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரணியில் இருக்கும் என் பெரிய அக்காவும் சில வருஷங்களுக்கு முன் இப்படித்தான் எல்லாவற்றையும் விட்டாள். நாங்கள் பெருமைப்பட்டோம், அதோடு சரி. ஒருநாள் கடைத்தெருவில் என்னோடு நடந்து வந்தவள், வலது கால் செருப்பு கழன்றது தெரியாமல் பத்துப் பதினைந்து அடி போய்விட்டாள். நான் திரும்பிப் போய் எடுத்து வந்தேன். 'கொஞ்ச நாளா கால் மரத்துப் போவுதுடா' என்றாள். விசாரித்தால் ஆறு மாசமாம். ரத்தப் பரிசோதனையில், நரம்புக்கு வேண்டிய பி12 வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது. ஊசி போட்டுத் தேறிவிட்டாள். ஆனால் கட்டைவிரல் நுனியில் இன்றைக்கும் முழு உணர்வு திரும்பவில்லை. அந்த ஆறு மாசத்தில் ஒருமுறையாவது நான் கேட்டிருக்க வேண்டும்.

பி12-ஐ உண்டாக்குவது பாக்டீரியா. தாவர உணவில் அது நம்பும்படியான அளவில் இல்லை. 'கீரை தின்னா வந்துடும்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஈரலில் சேமிப்பு இருப்பதால் வருஷக்கணக்கில்கூட ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு வயது ஏறியிருக்கிறது, குடல் அதை உறிஞ்சுவது குறையும். சர்க்கரைக்குப் போடுவது மெட்ஃபார்மின் என்றால் அதுவும் பி12-ஐக் குறைக்கும். இந்த வாரமே அளவைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டு பி12 மாத்திரையைத் தொடங்குங்கள். இந்த உணவில் இருக்கும்வரை அது வேண்டும். ஜெலட்டின் கூடு போட்டதாக இருந்தால் வேறு கேளுங்கள். ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது, பின்னால் தெரிந்தால் அம்மா மனம் நோவார்.

இனி சாப்பாடு. அம்மாவுக்குப் புதிதாக எதுவும் வாங்கித்தர வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச்சத்து உண்டு, பசும்பாலில் 100 மில்லிக்கு 120 அளவுதான். கேழ்வரகில் இருப்பது முழுவதும் உடம்பில் ஒட்டாது. முளைகட்டி அரைத்தாலும், மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினாலும் கூடுதலாக ஒட்டும். சர்க்கரை இருப்பதால் களி உருண்டை சின்னதாக இருக்கட்டும், குழம்பில் மொச்சையோ காராமணியோ நிறைய இருக்கட்டும். கருவாடு போன இடத்தில் மொச்சையும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், உங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முருங்கைக்கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். டீ குடிப்பதானால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும். சாப்பாட்டை மாற்றியதைச் சர்க்கரை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

கூழில் மோர் இல்லாமல் எப்படி என்று கேட்பார். தயிரை விடுவதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். அக்காவுக்காக நானே செய்து பார்த்தது இது. பச்சை வேர்க்கடலையை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், ராத்திரி ஊறவைத்துத் தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு அரைத்து வடிகட்டுங்கள். அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், கழுவிய பச்சைமிளகாய் நாலைந்தைக் காம்போடு போட்டு மூடிவைத்தால் காலையில் உறைந்திருக்கும். முதல் தடவை கொஞ்சம் நீர்த்து வரும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றினால் கெட்டிப்படும். கடலை வாசம் வரும், கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் போடுங்கள். அக்கா முதல் வாய் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கிண்ணத்தை மறுபடி நீட்டினாள்.

இதை நீங்கள் அரைக்கவேண்டும். மனைவியிடமோ மகளிடமோ தள்ளிவிடாதீர்கள். ராத்திரி ஒருவேளையாவது அம்மா சாப்பிடுவதையே வீட்டில் எல்லோரும் சாப்பிடுங்கள். தனிச் சட்டி வைத்தால், 'எனக்காக எதுக்கு வீண் வேலை' என்று மறுபடி ரசத்துக்குப் போய்விடுவார். கல்யாணம் காதுகுத்துக்கு அழைத்தால், அம்மா என்ன சாப்பிடுவார் என்று முன்னாலேயே போன் செய்து சொல்லுங்கள். பிரியாணிப் பந்தியில் யாராவது கேலி செய்தால் பதில் சொல்லவேண்டியது நீங்கள். அம்மா தலைகுனிந்து சாப்பிடும்படி விடக்கூடாது.

பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். அப்புறம், அந்த மாடு இன்னும் கொட்டகையில் இருக்கிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அதைச் சொல்லவே இல்லையே.