டெக்சஸில் ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்த காருக்கு டிக்கெட்: அபராதத்தைக் கட்டிவிடலாமா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். காரின் ரிஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கர் முடிந்து இரண்டு மாதம் ஆனதைக் கவனிக்கவில்லை. போலீஸ் நிறுத்தி டிக்கெட் கொடுத்துவிட்டார். ஆன்லைனில் அபராதத்தைக் கட்டி முடித்துவிடலாமா?

கட்டாதீர்கள். டெக்சஸில் டிக்கெட் பணத்தைக் கட்டினால், குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். தண்டனை என்றே பதிவாகும். அபராதம் 200 டாலர் வரை, கோர்ட் செலவு தனி. இவ்வளவும் கொடுத்த பிறகும் ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்தபடியேதான் இருக்கும். நாளைக்கே இன்னொரு டிக்கெட் வரலாம். முதலில் ரிஜிஸ்ட்ரேஷன், பிறகு கோர்ட். இந்த வரிசை மாறினால் பணம்தான் வீண்.

மாநிலப் போக்குவரத்துச் சட்டத்தின் 502.407 பிரிவு உங்களுக்குச் சாதகமாக ஒரு வழி வைத்திருக்கிறது. டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து 20 வேலை நாளுக்குள், அல்லது கோர்ட்டில் முதல்முறை ஆஜராக வேண்டிய தேதிக்குள், இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதற்குள் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பித்து, தாமதக் கட்டணமும் கட்டியதைக் காட்டினால் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். அதற்குக் கோர்ட் வாங்கும் கட்டணம் 20 டாலரைத் தாண்டக் கூடாது. 'செய்யலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது, 'செய்தே ஆகவேண்டும்' என்று சொல்லவில்லை. அதனால் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

டிக்கெட் கையில் இருந்தால் ஆன்லைன் புதுப்பிப்பை விட்டுவிட்டு நேராகக் கவுண்டி டேக்ஸ் ஆபீஸுக்குப் போங்கள். வழக்கமான கட்டணத்தோடு அதில் 20 சதவீதம் தாமதக் கட்டணமாகச் சேரும். 6,000 பவுண்டுக்கு உட்பட்ட காருக்கு அடிப்படைக் கட்டணம் 50.75 டாலர் என்பதால், அது ஏறக்குறைய 10 டாலர். கவுண்டிக் கட்டணமும், இப்போது நீக்கப்பட்ட பழைய பாதுகாப்பு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பதிலாக வந்த 7.50 டாலரும் தனி. நடப்பு இன்சூரன்ஸ் கார்டு, நம்பர் பிளேட் எண், ரினிவல் நோட்டீஸ் இருந்தால் அது, இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் போனால் ஸ்டிக்கர் அங்கேயே கிடைக்கும். ரசீதில் அந்தத் தாமதக் கட்டணம் தனி வரியாக வந்திருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். கோர்ட் கேட்பது அதைத்தான்.

பலர் மாட்டிக்கொள்வது இதற்கு முந்தைய படியில். 2025 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களுக்குப் பாதுகாப்பு இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. ஆனால் டல்லாஸ், காலின், டென்டன், டாரன்ட், ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், டிராவிஸ், வில்லியம்சன் போன்ற கவுண்டிகளில் 2 முதல் 24 வயது வரையான பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை இன்னும் உண்டு. அதில் தேறாமல் ரிஜிஸ்ட்ரேஷன் நகராது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஃபெயில். அதை அணைக்க பேட்டரியைக் கழற்றி மாட்டுவதோ, ஸ்கேனரால் கணினியில் பதிவான பிழைக் குறியீட்டை (எர்ரர் கோட்) அழிப்பதோ உதவாது: காரின் கணினி தன்னைத்தானே சோதித்து வைத்திருந்த பதிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும், மெஷின் 'தயாராக இல்லை' என்று திருப்பி அனுப்பும். 2001 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல்களில் ஒரே ஒரு பதிவு மட்டும்தான் பாக்கி இருக்கலாம். புது பேட்டரி போட்டவர்களுக்கும் இதே கதிதான். ஹைவேயிலும் சிக்னல் நிறைந்த ஊர்ச் சாலையிலும் சில நாள் மாற்றி மாற்றி ஓட்டினால்தான் பதிவுகள் நிரம்பும். அதை 20 நாள் கணக்கில் சேர்த்துத் திட்டமிடுங்கள். ரிப்பேர் இழுத்தால் டேக்ஸ் ஆபீஸில் 25 டாலருக்கு 30 நாள் தற்காலிக பெர்மிட் கேட்கலாம். காரை ஓட்ட அது போதும், டிக்கெட்டைத் தள்ளுபடி செய்யப் போதாது.

இன்னொரு தடை டோல் பாக்கி. ஒரு வருடத்துக்குள் 100 டோலோ அதற்கு மேலோ கட்டாமல் நோட்டீஸ்களையும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் ரிஜிஸ்ட்ரேஷனையே முடக்கிவைக்க முடியும். வீடு மாறி டோல் டேக் கணக்கில் முகவரி மாற்றாதவர்கள் இதை டேக்ஸ் ஆபீஸ் கவுன்டரில்தான் முதல்முறை கேள்விப்படுகிறார்கள்.

இனி கோர்ட். டிக்கெட்டில் எந்தக் கோர்ட் என்று அச்சிட்டிருக்கும்: நகரப் போலீஸ் கொடுத்தது பெரும்பாலும் முனிசிபல் கோர்ட்டுக்கும், ஷெரிஃப் ஆட்களோ மாநில ட்ரூப்பரோ (மாநிலப் போலீஸ்) கொடுத்தது ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற கவுண்டியின் சிறு வழக்குக் கோர்ட்டுக்கும் போகும். அங்கே 'கம்ப்ளையன்ஸ் டிஸ்மிசல்' (குறையைச் சரிசெய்துவிட்டதால் தள்ளுபடி) வேண்டும் என்று கேளுங்கள், அந்தச் சொல்லுக்குத்தான் வேலை நடக்கும். ரசீதின் நகலைக் கவுன்டரிலோ தபாலிலோ இணையத்திலோ ஏற்பது கோர்ட்டுக்குக் கோர்ட் வேறுபடும். அனுப்பியதோடு விட்டுவிடாமல், தள்ளுபடி ஆன தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

நீங்கள் போட்ட கையெழுத்து 'வந்து பதில் சொல்கிறேன்' என்ற வாக்குறுதிதான், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. அந்த வாக்குறுதியை மீறினால்தான் ஆபத்து: பிடிவாரண்ட் பிறக்கலாம், ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க முடியாமல் போகலாம். விசாவில் இருப்பவர்கள் இந்த நிலைக்கு விடவே கூடாது.

டிக்கெட்டில் இன்சூரன்ஸ் இல்லை என்ற குற்றமும் எழுதியிருக்கிறதா பாருங்கள். அதற்கு இந்தச் சலுகை கிடையாது. நிறுத்திய அந்த நேரத்தில் பாலிசி நடப்பில் இருந்ததைக் காட்டினால்தான் அந்தக் குற்றச்சாட்டு தள்ளுபடியாகும், மறுநாள் எடுத்த பாலிசி பயன்படாது. முதல்முறைக்கே அபராதம் 175 முதல் 350 டாலர்.

நண்பரின் காரை ஓட்டும்போது மாட்டியிருந்தாலும் டிக்கெட் ஓட்டியவர் பெயரில்தான். புதுப்பிக்க வேண்டியவர் கார்க்காரர், கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவரைக் கையோடு டேக்ஸ் ஆபீஸுக்கு அழைத்துப் போங்கள்.

ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்தபின் டெக்சஸ் 5 வேலை நாள் விட்டுக்கொடுக்கிறது. அதற்குள் நிறுத்தி எழுதிய டிக்கெட் என்றால் குற்றமே ஆகாது, கோர்ட்டில் முதலில் தேதியைக் காட்டுங்கள். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டதால் இது பொருந்தாது. நாளைக் காலையே புகைப் பரிசோதனை, அங்கிருந்து டேக்ஸ் ஆபீஸ் என்று கிளம்புங்கள்.