மூன்று சட்டை 999: வேலூர் வெயிலில் ஒரு கணக்கு

கேள்வி: காட்பாடியில் குடியிருக்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. வாரம் ஆறு நாளும் பஸ்ஸில் போய்வருகிறேன். மூன்று சட்டை 999 ரூபாய் என்று வாங்கினேன். நான்கே மாதத்தில் சாயம் போய், காலர் உப்பிவிட்டது. உடன் வேலை செய்பவர், '2,400 ரூபாய்ச் சட்டைதான் உழைக்கும்' என்கிறார். மீட்டர் 280 ரூபாய்க்குத் துணி எடுத்துக் கொடுத்தால் 400 ரூபாய்க் கூலிக்குத் தைத்துத் தருவதாக எங்கள் தெருத் தையல்காரர் சொல்கிறார். எது கட்டுப்படியாகும்?

பதில்: கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், ஆகவே கணக்கிலேயே தொடங்குவோம். மூன்று சட்டையை மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் வாரம் இரண்டு முறை உடம்பில் ஏறுகிறது. நான்கு மாதம் என்றால் ஏறத்தாழ 34 முறை. 333 ரூபாயை அதால் வகுத்தால், ஒருமுறை உடுத்தப் பத்து ரூபாய்.

இனி தையல் சட்டை. 58 அங்குல அகலத் துணியில், நடுத்தர உடம்புக்கு முழுக்கைச் சட்டை தைக்க 1.60 மீட்டர் போதும். துணி 448, கூலி 400, ஆக 848 ரூபாய். 60ஆம் நம்பர் நூலில் (நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது) நெருக்கமாக நெய்த பருத்தி என்றால் ஒன்றரை ஆண்டு உழைக்கும் என்பது என் அனுபவம். அதாவது 156 முறை. ஒருமுறைக்கு ஐந்தரை ரூபாய்கூட ஆகவில்லை. உங்கள் நண்பரின் 2,400 ரூபாய்ச் சட்டை இதற்கு ஈடுகொடுக்க 440 முறை உடுத்தப்பட வேண்டும்; நான்கு ஆண்டுக்கு மேல். துணிக்கடையில் மீட்டர் கோலோடு 22 ஆண்டு நின்றவன் நான். வாரம் இரண்டு முறை துவைத்து, நம் ஊர் மொட்டை மாடியில் காய்ந்து, நான்கு ஆண்டு தாங்கிய பருத்திச் சட்டையை இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு வரி இருக்கிறது: இஸ்திரி. ஒரு சட்டைக்குப் பத்து ரூபாய் கொடுக்கிறீர்கள் என்றால் 156 முறைக்கு 1,560 ரூபாய். சட்டையின் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! தூய பருத்தி கசங்கும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகுப்பக்கம் சுருட்டிய காகிதம் போலாகிவிடும். வீட்டில் நீங்களே இஸ்திரி போடுவீர்கள் என்றால் பருத்தியையே எடுங்கள். கடையில் கொடுப்பவர் என்றால் பருத்தி கூடுதலாகவும் பாலியஸ்டர் குறைவாகவும் கலந்த துணியில் இரண்டு சட்டை வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. பாலியஸ்டர் தூக்கலான துணியை மட்டும் சித்திரை, வைகாசியில் தொடாதீர்கள். 40 டிகிரியைத் தாண்டும் நாளில் அது வியர்வையை உறிஞ்சாது. திருவலம் தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

ரெடிமேட் மோசம் என்று நான் சொல்லவில்லை. பார்த்து வாங்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். லாங் பஜாரில் வாங்கினாலும் பளபளக்கும் பெரிய கடையில் வாங்கினாலும் முதலில் சட்டையை உட்புறம் திருப்புங்கள். அக்குளிலிருந்து இடுப்பு வரை இறங்கும் பக்கத் தையலில் கட்டைவிரல் நகத்தை வைத்து, ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பன்னிரண்டும் அதற்கு மேலும் இருந்தால் ஒழுங்கான வேலை. எட்டு ஒன்பதுதான் தேறுகிறது என்றால் அங்கேயே மடித்து வைத்துவிடலாம். ஓரம் பிரியாமல் நூலால் சுற்றும் ஓவர்லாக் மட்டும் அடித்து விட்டிருக்கிறார்களா, மடித்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்களா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். காஜாவைப் பாருங்கள். நூல் பிசிறு துருத்திக்கொண்டு நின்றால் பத்தாவது துவைப்பில் பட்டன் நிற்காது.

காலர் உப்பியது ஏன் என்றால், உள்ளே வைக்கும் கேன்வாஸைச் சூடேற்றிப் பசையால் ஒட்டுகிறார்கள். பசை மட்டமாக இருந்தால் தண்ணீர் பட்டுப் பட்டு அது விட்டுப்போகிறது. மேல்துணி தனியாகக் கிளம்பிவிடுகிறது. விலை அதிகமானாலும் இதற்கு உத்தரவாதம் இல்லை. உறவினர் கல்யாணத்துக்கென்று ஒரு கடையில் மனதறிந்து கூடுதல் விலை கொடுத்து வாங்கிய என் சட்டையே மூன்றாம் துவைப்பில் காலர் அப்பளம் போலக் கொப்பளித்தது. பில்லோடு போய் நின்றேன்; 'சார், நீங்கள் வெந்நீரில் போட்டிருப்பீர்கள்' என்றார்கள். நானும் அந்தப் பக்கம் நின்று இதே பதிலைப் பலருக்குச் சொன்னவன்தானே, பேசாமல் திரும்பிவிட்டேன்.

துணி எடுக்கும்போது இன்னொரு சோதனை. விலை குறைந்த துணியைக் கனமாகக் காட்டக் கஞ்சியை ஏற்றி விடுவதுண்டு. ஓரத்தை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் பிடித்துப் பத்துப் பதினைந்து முறை கசக்கி, பிறகு வெளிச்சத்தில் பிடியுங்கள். கசக்கிய இடம் மட்டும் மெலிந்து சல்லடை போலத் தெரிந்தால் நீங்கள் வாங்கப்போவது பாதி கஞ்சி. 'நூற்றுக்கு நூறு காட்டன்' என்று விற்பனையாளர் சத்தியம் செய்தால், வீட்டுக்கு வந்து ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கடுகு போலக் கெட்டியாக உருண்டால் பாலியஸ்டர் இருக்கிறது. கடைக்குள் தீப்பெட்டியை எடுத்துவிடாதீர்கள்.

வரி விஷயத்தையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. அதற்கு முன்பு 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12 சதவீதமாக இருந்தது. வரிக்கு முன் 1,200 ரூபாய் உள்ள சட்டை 1,344லிருந்து 1,260க்கு இறங்கியிருக்க வேண்டும். விலைச்சீட்டு பழையபடியே இருந்தால் காரணம் கேட்கலாம்.

பேண்ட்டைத் தைத்துக்கொள்வதே மேல், இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. டெரிகாட்டனில் 1.20 மீட்டர், கொஞ்சம் உயரமானவருக்கு 1.30. பின்பக்கத் தையலில் இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். இடுப்பு பெருத்தால் பிரித்துவிடலாம். பாக்கெட்டுக்குக் கெட்டியான துணி போடச் சொல்லுங்கள். பேண்ட்டில் முதலில் கிழிவது அதுதான்.

வீட்டில் உடுத்தக் குடியாத்தம் கைலி இருக்கிறது. அதிலும் கசக்கிப் பார்க்கும் சோதனை பொருந்தும். பனியனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சட்டையின் வியர்வையைப் பாதி குடிப்பது அதுதான்.

துவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பா? அப்படியானால் சோப்புக் கட்டியும் அந்த உப்பும் சேர்ந்து துணியில் சாம்பல் நிறமாகப் படியும். வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருக்காது. சோப்புத் தூளுக்கு மாறி, கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். வியர்வைச் சட்டையை ஞாயிறு வரை குவித்து வைக்காமல் அன்றே நனைத்துவிடுங்கள். காயப்போடும்போது உட்புறம் திருப்பி நிழலில் போடுங்கள். வேலூர் வெயிலில் நிழலிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஆகவே, தையல்காரரிடம் போங்கள். ஆனால் ஐந்து சட்டைத் துணியை மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றை எடுத்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுங்கள். சுருங்குவது முன்னாலேயே சுருங்கிவிடும். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொண்டுபோங்கள். தைத்து வந்ததை மூன்று முறை துவைத்துப் போட்டுப் பார்த்து, காலர் நின்றால் மற்றதைக் கொடுக்கலாம். இதையெல்லாம் ஆவணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் அவர் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.