தேவகோட்டை – வால்பாறை: 210 கிலோமீட்டரா, 300-ஆ?

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார். மகளுக்கு வால்பாறையில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது, சாமான்களோடு கொண்டுபோய் விடவேண்டும். நெட்டில் தூரம் பார்த்தால் 210 கி.மீ. என்று வருகிறது, வண்டிக்காரரோ 300 என்கிறார், ஏமாற்றுகிறாரா?

இல்லை ஆச்சி, அவர் சொல்வது சரிதான். நீங்கள் பார்த்தது வான்வழித் தூரம், அதாவது மேப்பில் இரண்டு ஊருக்கும் நடுவே நேர்கோடு போட்டால் வருவது. அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நம் பக்கம் ஒரு டிகிரி அட்சரேகைக்கு சுமார் 111 கி.மீ., தீர்க்கரேகைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. வால்பாறை நம்மிலிருந்து மேற்கே 205, வடக்கே 42 கி.மீ. அளவில் தள்ளி இருக்கிறது, குறுக்கே அளந்தால் 210-க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

சமவெளியில் இந்த நேர்கோட்டை ஓரளவு நம்பலாம். காரைக்குடி – தேவகோட்டை நேராக 14 கி.மீ. என்றால் ரோட்டில் 18, 19 வரும், அவ்வளவுதான் வித்தியாசம். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி வரைக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான், 240 கி.மீ. ஆகும். கணக்கு உதைப்பது அதற்கு அப்புறம்தான். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை நேர்கோட்டில் 37 கி.மீ.தான், ரோட்டிலோ 64. ஆழியாறு தாண்டியதும் மலை நேரே எழுந்து நிற்கும், வண்டி அதில் 40 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறியாக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கும். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி மகளுக்குக் கீழே ஆழியாறு அணையைக் காட்டுங்கள், அவ்வளவு அழகு.

விமானம் சரிப்படாது. வால்பாறையில் விமான நிலையம் கிடையாது, பக்கத்தில் இருப்பது கோவைதான். மதுரையில் ஏறி, சென்னை சுற்றி, கோவையில் இறங்கினால் வானத்திலேயே 800 கி.மீ. ஆகிவிடும். அதோடு மதுரை போவதும் கோவையிலிருந்து மலை ஏறுவதுமாக ரோட்டிலும் 200-க்கு மேல் ஓடவேண்டும். சாமான்களோடு இந்த அலைச்சல் வேண்டவே வேண்டாம்.

மேப்பில் வழி போடும்போது திருப்பத்தூரைச் சிவகங்கை மாவட்டம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஜோலார்பேட்டைப் பக்கம் இருக்கும் திருப்பத்தூருக்குக் கணக்குப் போட்டுவிடும்.

வாடகை பேசும்போது வண்டி காலியாகத் திரும்பும் தூரமும் சேரும், ஆக 600 கி.மீ. என்று வைத்தே பேசுங்கள். டிரைவர் பேட்டா, மலை ஏறுவதற்குத் தனியாக எவ்வளவு, டோல் யார் கட்டுவது, எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கு நிறுத்துவதையும் சேர்த்து எட்டு மணி நேரம் பிடிக்கும். விடியற்காலை ஐந்துக்கே கிளம்பிவிடுங்கள், மதியத்துக்குள் ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டிவிடலாம். அந்தி சாய்ந்தால் மேலே பனிமூட்டமும் யானை நடமாட்டமும் உண்டு. மகளுக்கு வளைவுகளில் தலை சுற்றுமென்றால் முன் சீட்டில் உட்கார வையுங்கள், பொள்ளாச்சியில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.